மூன்றாவது அழைப்பு

பல்கலைக்கழக அரங்கின் கூரை அந்த வருட மழைக்கு ஒழுகத் தொடங்கியதால், கலைப் பருவம் முழுவதையும் சதுக்கத்துக்குப் பின்னால் இருந்த பழைய நாடகக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். சின்னப் பல்கலைக்கழகம் அது. நாடகம், நடனம், கவிதை வாசிப்பு என்று அக்டோபரில் நடக்கும் அந்த ஒரு பருவத்தால்தான் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மலையில் இப்படி ஒரு பல்கலைக்கழகம் இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பொறுப்பு முழுவதும் இலக்கிய ஆசிரியை அம்பாரோவின் தலையில்.

கொட்டகையைத் திறந்து பார்க்கப் போன அன்று நடன ஆசிரியை கிரிசாந்தாவும் கூட வந்தாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அம்பாரோவின் மகள் லூதிவினாவுக்கு ஞானத்தாயும் அவள்தான்.

உள்ளே ஈர மரத்தின் வாடை. இருக்கைகளின் சிவப்பு வெல்வெட்டை எலி பல இடங்களில் கடித்து வைத்திருந்தது. ஓட்டு இடுக்குகள் வழியாக மூடுபனி இறங்கி வந்து, மேடைக்கு மேலே, எங்கே போவதென்று தெரியாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரன் மாதிரி, வெளிச்சம் கொஞ்சமா இருந்தா பார்க்கலாம்," என்றாள் கிரிசாந்தா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. இங்க ஒத்திகைக்கு ரெண்டு அழைப்புதான். மூணாவது கிடையாது."

நாடகம் தொடங்கும் முன் மூன்று அழைப்புகள் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முதல் அழைப்புக்கு மக்கள் வந்து உட்காருவார்கள். இரண்டாவதுக்குப் பேச்சும் இருமலும் அடங்கும். "மூன்றாவது அழைப்பு, மூன்றாவது. தொடங்குகிறோம்" என்று சொல்லிவிட்டால், இடி விழுந்தாலும் நாடகம் தொடங்கியாக வேண்டும்.

"ஏன் கிடையாது?"

"எதெல்மிரான்னு ஒரு நடிகை. ராணி வேஷம் கட்டி, பவுடர் பூசி, அந்தத் திரை ஓரத்துல நின்னுட்டிருந்தா. ரெண்டாவது அழைப்பு ஆச்சு. நின்ன இடத்துலயே உயிர் போயிடுச்சு. கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளுக்கு மூணாவது அழைப்பும் வரல, கைதட்டலும் வரல. ஆளில்லாத கொட்டகையில மூணாவது அழைப்பு குடுத்தா அது அவளுக்குக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க."

"நீ நம்புறியா?"

"நான் எதையும் நம்பறதில்லடி. ஆனா குடுக்கவும் மாட்டேன்."

அம்பாரோ சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு வேறு கவலை இருந்தது.

கவலையின் பெயர் லூதி. போன வருடம் மூன்றாவது அழைப்பு முடிந்து திரை விலகியதும், லூதிக்கு வாய் திறக்கவில்லை. எல்லார் முன்னாலும் மரம்போல் நின்றாள். கடைசியில் திரையை மூடினார்கள். மாணவர்கள் அதற்குப் பிறகு அவளை "மேடம் மௌனம்" என்று கூப்பிட்டார்கள். இந்த வருடம் பிடிவாதமாகத் தனி நடிப்பு கேட்டு வாங்கியிருந்தாள். ரயிலுக்காகப் பெட்டியோடு காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. இதிலும் தவறினால் நாடகப் படிப்பையே விட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. முகம் பாதியாகிவிட்டது.

"வசனமெல்லாம் தண்ணி மாதிரி வருது அம்மா," என்றாள் ஒரு நாள் காலையில். "அந்த மூணாவது அழைப்பைக் கேட்டாதான் எல்லாம் மறந்துடுது. ஒத்திகையில அதை யாரும் குடுக்கறதே இல்ல. பழகினாத்தானே பயம் போகும்?"

பெற்ற மனம். அம்பாரோ சாவியை எடுத்துக்கொண்டாள்.

மதிய உணவுக்குப் பின் இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். வடகாற்று இறங்கியிருந்தது. பொடித்தூறல் ஓயாமல் விழ, தெரு முழுக்கப் பனி. உள்ளே பேசினால் வாயிலிருந்து ஆவி புகையாக வந்தது. லூதி பெட்டியோடு திரை ஓரத்துக்குப் போனாள். அம்பாரோ நடு வரிசையில் உட்கார்ந்தாள்.

"தயாரா கண்ணு?"

"கேக்காதம்மா. குடு."

"முதல் அழைப்பு, முதல்."

கூரையில் தூறல் சத்தம்.

"இரண்டாவது அழைப்பு, இரண்டாவது."

கிரிசாந்தாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கணம் நாக்கு தயங்கியது. திரைக்குப் பின்னால் மகள் பயத்தில் மூச்சு வாங்குவது இங்கே வரை கேட்டது. அந்தச் சத்தத்தை அம்பாரோவால் பொறுக்க முடியவில்லை.

"மூன்றாவது அழைப்பு, மூன்றாவது. தொடங்குகிறோம்."

மூச்சுச் சத்தம் நின்றது.

தூறலும் நின்றதுபோல் இருந்தது. எங்கிருந்தோ முகப் பவுடரின் வாசனை, பழைய டப்பாவைத் திறந்ததுபோல், கெட்டியாக வந்தது.

லூதி வெளியே வந்தாள். கையில் பெட்டி இல்லை.

ஒல்லிப் பெண் அவள், வேகமாக நடப்பாள். இப்போது கனத்த உடம்பைத் தூக்கி வருபவள்போல் மெல்ல நடந்தாள். பின்னால் நீளமான பாவாடை இழுபடுவதுபோல் ஒரு முறை திரும்பி, இல்லாத துணியைக் கையால் ஒதுக்கினாள். மேடை நடுவில் நின்று முகவாயை உயர்த்தினாள்.

பேசத் தொடங்கினாள்.

அது ரயில் நிலையப் பெண்ணின் வசனம் இல்லை. செய்யுள். ஆட்சியை இழந்த ஒரு ராணி, தன்னைக் காட்டிக்கொடுத்த மகனோடு பேசும் செய்யுள். கணீரென்ற, வயதான குரல் கடைசி இருக்கை வரை போய் மோதித் திரும்பியது.

அம்பாரோவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். இதை எங்கே கற்றாள், எனக்கே சொல்லாமல் என்று நினைத்தாள். தடுமாற்றம் இல்லை, திக்கல் இல்லை. கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் பார்த்தாள்.

அம்பாரோவின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அங்கே, அவ்வளவு உரக்கப் பேசும் மகளின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

"லூதி."

ராணி பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு அடிகளுக்கு நடுவே கூட மூச்சு இழுக்கவில்லை.

"லூதி, போதும். நிறுத்து."

மேடைக்கு ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால் அசையவில்லை. தொடங்கிய நாடகத்தின் நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது என்று யாரோ தோளில் கை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. குளிர்ந்த கை.

கடைசிச் செய்யுள் முடிந்தது. லூதி ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

நிமிரவில்லை.

தோளில் இருந்த கனம் விலகியது. அம்பாரோ நாற்காலிகளில் இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். குனிந்திருந்த மகளின் முகத்தைக் கையில் ஏந்தினாள். சில்லென்று இருந்தது. மூக்கில் காற்று இல்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. உலுக்கினாள். உடம்பு கல்போல் குனிந்தபடியே நின்றது.

எதற்கோ காத்து நின்றது.

அம்பாரோவுக்குப் புரிந்தது. மேடையிலிருந்து இறங்கி, இருக்கைகளுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தித் தட்டினாள்.

மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது.

தட்டுவதை நிறுத்தினாள். நெஞ்சும் நின்றது.

மறுபடி தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள். உள்ளங்கை எரிந்தது, தோள் விட்டுப்போனது. கொஞ்சம் தளர்ந்தபோதெல்லாம் மேடையில் அந்த நெஞ்சும் தளர்ந்தது. இனி முடியாது என்று கை தாழ்ந்த நேரம், பின்னால் இன்னொருவர் கைதட்டும் சத்தம் கேட்டது.

கதவருகே கிரிசாந்தா. நடன வகுப்புக்கு இடம் பார்க்க வந்தவள். குடையைக் கீழே போட்டுவிட்டு, முகம் வெளிறித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுத்தியாடி?" என்று கேட்டாள்.

அம்பாரோ தலையசைத்தாள்.

"நிறுத்தாத. எதெல்மிராவுக்கே போதும்னு தோணணும்."

இருவரும் தட்டினார்கள். வெளியே வெளிச்சம் மங்கும் நேரத்தில் பவுடர் வாசனை கலைந்தது. லூதி மெல்ல நிமிர்ந்தாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

"என்ன ரெண்டு பேரும் இப்படித் தட்டறீங்க? கை வலிக்கலையா?"

அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அழைப்பு கேட்டதாம். பிறகு பயமே இல்லையாம். வீட்டுக்கு வரும் வழியில் பசிக்கிறது என்று சொல்லி, தெருமுனையில் சோளமாவுத் தமாலெஸ் வாங்கி நின்றபடியே தின்றாள்.

"நாடகத்தை வேண்டாம்னு சொல்லிடு," என்றாள் கிரிசாந்தா தனியாக.

"எப்படிச் சொல்றது? அவ முகத்தைப் பார். இன்னிக்குத்தான் சாப்பிடறா."

தொடக்க நாளில் கொட்டகை நிரம்பி வழிந்தது. மூன்று அழைப்புகளையும் கிரிசாந்தா கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள். லூதி பெட்டியோடு வந்தாள். தன் நடையில் நடந்து, தன் குரலில் பேசினாள். அம்பாரோ ஒரு வசனமும் கேட்கவில்லை. மகளின் வாயிலிருந்து வரும் ஆவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை வந்தது. ஊரே எழுந்து நின்று தட்டியது. போன வருடம் கேலி செய்தவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

மறுநாள் ஞாயிறு. கணவன் நிக்காந்திரோ பூசணிப்பூ சூப் வைத்தான். மகள் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள், அப்பாவைக் கிண்டல் செய்தாள், பிறகு சோபாவிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் எட்டிப் பார்த்தது. வீடு பழைய வீடாகிவிட்டது என்று நினைத்தபடி அம்பாரோ தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாரேன்," என்றான் நிக்காந்திரோ மெல்ல. "எத்தனை நாள் கழிச்சு இப்படித் தூங்கறா. ஒரு சத்தம் இல்ல."

அம்பாரோ பார்த்தாள்.

கம்பளி அசையவில்லை.

தட்டுகளை மேசையில் வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மகள் விழித்துவிடாதபடி, மிக மெதுவாகக் கைதட்டினாள்.

கம்பளி ஏறி இறங்கியது.

"என்ன பண்றே நீ?" என்று சிரித்தான் நிக்காந்திரோ.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சோபாவில், கண் திறக்காமல், மகளின் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு, பெரிய சபை ஒன்றின் முன்னால் நிற்பவள்போல், உறக்கத்திலேயே அவள் தலை வணங்கினாள்.