காணாமல் போன 271 கிலோமீட்டர்

பராசா செத்துக் கிடந்தார்!

நைரோபி. சரக்கு விமான அலுவலகம். மேஜைமேல் கவிழ்ந்த தலை. பின்மண்டையில் ரத்தம்.

பூ ஏற்றிப் போகும் விமானங்களுக்குத் தூரக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆள். இருபது வருஷ சர்வீஸ்.

வாசலில் டீக்காரி ந்யாபோகே. கையில் விலங்கு!

"எட்டரைக்கு டீ வெச்சேன், வந்துட்டேன்... அவ்ளோதான் ஐயா! குனிஞ்சு வேலை பாக்கறாருன்னு நினைச்சேன்!"

சார்ஜென்ட் முஸ்யோகா யாரையும் நம்பமாட்டார். அழுகிறவர்களை அதைவிடக் குறைவாக நம்புவார்.

லுபேகா ஒரு நகல் தாளை நீட்டினான். பராசாவின் உதவி ஆள். பன்னிரண்டு வருஷம் எண்டெபேயில் இருந்துவிட்டு இங்கே வந்து மூன்றே வாரம்.

"எட்டு மணிக்குப் பராசா போட்ட கணக்கு சார். ஆம்ஸ்டர்டாம், 6,406 கிலோமீட்டர். முத்திரையில நேரம் இருக்கு பாருங்க. ஜன்னல் பெட்டியில இருந்து பைலட் எடுத்துட்டுப் பறந்துட்டான். நான் வந்ததே ஒன்பதுக்கு. நடுவுல உள்ள போனவ இவ ஒருத்திதான்!"

"அய்யோ, என்னைத் தூக்குல போட்டுருவாங்களே!"

"சும்மா இரும்மா." முஸ்யோகா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நாலாம் கிளாஸ். காகிதத்தை நம்பறதில்ல. நீ ஒரு தடவை போட்டுக் காட்டு."

"இப்பவா?"

"இல்ல, நான் ரிட்டயரான பிறகு!"

லுபேகா சிரித்துக்கொண்டே கணக்கு இயந்திரத்தில் இரண்டு ஊர்களின் இருப்பிடத்தையும் தட்டினான்.

6,406!

"பாத்தீங்களா? பராசா கணக்கு தப்பாது."

ட்ரிங்...! ட்ரிங்...!

முஸ்யோகா எடுத்தார். நடுவானிலிருந்து பைலட்! அறைக்கே கேட்கிற குரல்.

"எந்த மடையன்யா கணக்குப் போட்டது? நிஜ தூரம் 6,677! 271 குறைச்சுப் போட்டிருக்கான்! எண்ணெய் பத்தாது, கெய்ரோவுல இறங்கறேன்!"

"ஏன் குறைஞ்சுது?"

"பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு நைரோபி. வடக்குன்னு தட்டினா இப்படித்தான் வரும். எண்டெபேக்காரன் எவனாவது பழக்கதோஷத்துல தட்டியிருப்பான்... அவன் ஊரு வடக்கே!"

ரிசீவர் மெதுவாகக் கீழே இறங்கியது.

லுபேகாவின் சிரிப்பு... இப்போது இல்லை!

"இருபது வருஷமா தெற்குன்னு தட்டின கை இன்னைக்கு மட்டும் வடக்குன்னு தட்டுமா? எட்டு மணிக்குப் பராசா உயிரோட இல்லடா. இந்தம்மா டீ வெச்சதே பொணத்துக்குத்தான்!"

"சா... சார்..."

"அவர் கணக்குக் குடுக்க மாட்டேன்னிருப்பாரு. அவரைக் கொன்னுட்டு நீயே போட்டு முத்திரை குத்தி அனுப்பிட்ட. அப்படி என்ன அவசரம்? கெய்ரோவுல பூப்பெட்டியத் திறக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம்!" லுபேகா நாற்காலியில் சரிந்தான். "தந்தம்... நாப்பது கிலோ... பராசா பாத்துட்டாரு..."

விலங்கு ந்யாபோகேயின் கையிலிருந்து லுபேகாவின் கைக்கு மாறியது.

"எங்க... எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ஜெயிலுக்கு. எத்தனை கிலோமீட்டர்னு தயவுசெஞ்சு நீ கணக்குப் போடாத... நாம ஊர் போய்ச் சேரணும்!"