பொதுச் சுவர்

கொசு சுவரைக் கடித்துக்கொண்டிருந்தது.

யாய்ராவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் திறப்பு விழா. மழை விட்டு, ஹோ நகரமே ஈர மண்ணும் பொரித்த வாழைப்பழமுமாக மணந்துகொண்டிருக்க, கரண்ட் போன முன்கூடத்தில் அவள் மட்டும் நின்று தோரணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். புது வர்ணம் பூசிய சுவரில் அந்தக் கொசு கால் பரப்பி உட்கார்ந்து ஊசியை உள்ளே இறக்கியிருந்தது. பைத்தியக்காரக் கொசு. அப்புறம் அதன் வயிறு மெல்ல மெல்லச் சிவந்து உருண்டது.

ஓங்கி ஓர் அறை விட்டாள். உள்ளங்கையில் ரத்தம். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அடி பட்ட இடம் ஒரு கணம் சுருங்கி, பிறகு தளர்ந்தது.

அது தோல் நோய்களுக்கான பொது ஆராய்ச்சி மையம். மூன்று பல்கலைக்கழகங்கள் ஒற்றுமையாகக் கட்டியது என்று அழைப்பிதழ் சொன்னது. வாசல் எந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் திசையைப் பார்ப்பது என்பதில் ஒரு வருஷம் போயிற்று. சுவருக்கு எவருடைய கொடி நிறமும் ஆகாதென்று, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பழுப்பைப் பூசினார்கள். தோல் வளர்க்கும் சூட்டுப் பெட்டிகள் வந்து இறங்கி, படம் எடுக்க வசதியாக வரிசையில் நின்றன. அவற்றில் ஓடியது ஒன்றே ஒன்று.

"பொது மையம்னா எல்லாமே பொதுதான், யாய்ரா," என்றார் இயக்குநர் அமெகாஷி. "ஆளுக்கொரு தட்டு எதுக்கு? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வளத்துடு."

சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. போட்டாள். ஆறாத புண்ணோடு கிராமங்களிலிருந்து வந்தவர்கள், புதுத் தோல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தொடையிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் தம்பி செலோம். மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது. ஆனால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மூடத் தோல் இல்லை. இந்த மாதத்துக்குள் மூடாவிட்டால் காலையே எடுத்துவிடுவார்கள். முதல் ஒட்டு அவனுக்குத்தான் என்று அமெகாஷி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு அவள் வாய்க்குப் பூட்டு.

போன வாரம் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை மேடை ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிவிட்டார்கள். பெட்டியில் இருந்தது செத்திருக்கும் என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் சோதனைக்கூடத்தைப் பூட்டியிருந்தாள். விழாவுக்கு முன் அபசகுனமான செய்தி எதுவும் வரக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

இப்போது கைபேசி வெளிச்சத்தில் சுவரோரமாகவே நடந்தாள். வர்ணத்தின் நெடி குறைந்து குறைந்து, கட்டு அவிழ்த்த புண்ணின் வாடையும், தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசனையும் கலந்த ஏதோ ஒன்று அவள் மூக்கில் ஏறிக்கொண்டே வந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். சுவரில் மயிர்க்கால்கள் தெரிந்தன. சோதனைக்கூடத்துக் கதவின் அடியிடுக்கு வழியாக அது வெளியே வந்து, கூடத்துச் சுவரில் ஏறி, வர்ணத்தின் நிறத்தோடு நிறமாகப் படிந்திருந்தது.

கதவைத் திறந்தாள். பெட்டியின் மூடி பிளந்து கிடந்தது. தரை, மேஜை, ஓடாத பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் ஒரே போர்வை. மேடு பள்ளங்களில் மடிந்து, மூட்டுகளில் சுருங்கி. வெளிக்காற்று உள்ளே போனது.

போர்வை முழுக்கப் புல்லரித்தது.

நோயாளிகள் கொட்டகைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மண்ணெண்ணெய் விளக்கடியில் செலோம் வெண்டைக்காய்க் குழம்பில் அக்ப்ளே களியுருண்டையைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அக்காவை அவன் டாவி என்றுதான் கூப்பிடுவான்.

"வா, டாவி. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அறை வாங்கினது நாங்க."

"என்ன அறை?"

"கொஞ்ச முன்னாடி நெஞ்சுல பளார்னு ஒண்ணு. எனக்கு மட்டுமில்ல, மொத்தக் கொட்டகைக்கும். மந்திரி முன்னால ஒழுங்காக் கைதட்டணும்னு ஒத்திகை பாக்குறாங்க போல."

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்தார். "அடிச்ச கை மேடம் கை மாதிரி மெத்துனு இருந்துச்சுப்பா."

செலோம் சட்டையை விலக்கிக் காட்டினான். நெஞ்சில் ஒரு கொசுக்கடித் தடிப்பு. கிழவரின் நெஞ்சிலும். எல்லார் நெஞ்சிலும், அதே இடத்தில்.

அமெகாஷி வீட்டில் உரையை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாகலையா அப்போ?"

"இல்ல, புரொபசர். ஆனா..."

"அப்பாடா. மந்திரிக்குக் காட்ட ஒண்ணாவது இருக்கு."

"பல்கலைக்கழகப் பேர் போட்ட பித்தளைப் பலகைங்கள அந்தச் சுவர்லதான மாட்டப் போறாங்க? வேற எங்கயாவது மாட்டச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"எந்தப் பலகை எந்த உயரம்னு முடிவு பண்ண மூணு துணைவேந்தரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சது நான். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்தர் பலகை முன்னாடியே ஏறிட்டா மத்தவங்க விழாவுக்கே வர மாட்டாங்க. அதனால விழா நடக்கும்போதே, எல்லார் கண்ணு முன்னாடியும்தான் மாட்டுறோம். அபசகுனம் மாதிரி நீ குறுக்க வராத." அவர் குரல் இளகியது. "தம்பி காலை நெனச்சுப் பாரும்மா. முதல் ஒட்டு அவனுக்கு."

அவள் நினைத்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நல்ல வெயில். பந்தல், முரசு, முன்னோர்க்கு ஊற்றிய சாராயத்தின் மணம். முன்வரிசையில் நோயாளிகள், மையத்தின் சின்னம் பொறித்த புது வெள்ளைச் சட்டைகளில், யார் எப்போது கைதட்டச் சொன்னாலும் தட்டத் தயாராக. அமெகாஷி ஒலிபெருக்கியில், "ஒருத்தர் வலி எல்லார் வலி" என்று முழங்கினார். உரையிலேயே அந்த வரிக்குத்தான் பெரிய கைதட்டல்.

முன்கூடத்தின் கதவுகளை விரியத் திறந்தார்கள். வெயில் சுவரில் விழுந்தது. சுவர் வேர்த்திருந்தது. புது வர்ணத்தின் பளபளப்பு என்று மந்திரி பாராட்டினார்.

தச்சர் முதல் பலகையைச் சுவரோடு வைத்து அழுத்தினார். டிரில் மெஷினைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம்!" யாய்ரா கத்தினாள். முரசு அதை விழுங்கியது. ஓடினாள். அமெகாஷி முகத்தில் சிரிப்பு மாறாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"படம் எடுக்குறாங்க. சிரி."

மெஷின் பாடியது. ஒரு மூலை.

முன்வரிசை முழுவதும் ஒரே ஆளாக நிமிர்ந்தது. ஒரே ஆளாக வாய் திறந்தது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மூலை. மூன்றாவது. சுவரிலிருந்து வர்ணம் போல எதுவோ வழிந்தது. தச்சர் துணியால் துடைத்தார். நான்காவது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

செலோம் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெள்ளைச் சட்டையில், நெஞ்சின் நான்கு மூலைகளில், நான்கு சிவப்புப் புள்ளிகள் விரிந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கிழவர் சட்டையிலும். அதற்கடுத்த பெண்ணின் சட்டையிலும். வரிசை முழுக்க, ஒரே உயரத்தில், ஒரே அளவில், அளந்து மாட்டிய மாதிரி.

இரண்டாம் துணைவேந்தர் தன் பலகை முதல் பலகையைவிடச் சற்று உயரத்தில் வரவேண்டும் என்று தச்சருக்குக் கை காட்டினார்.

தச்சர் தலையாட்டிவிட்டு, மெஷினைச் சுவரில் செலோமின் தொண்டை மட்டத்துக்கு உயர்த்தினார்.