எட்டாம் தெரு

காப்பியின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு நன்மாறன் தன் தலையை அலுவலகத்துக்குத் திறந்துவிட்டான். நிலவில் அலுவலக வேலைக்கு எல்லோரும் அப்படித்தான் போனார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருந்த அரிசிமணி அளவுச் சில்லு ஒருமுறை குறுகுறுத்தது; பணிச்சுரங்கம் திறந்துகொண்டது. அவன் உடம்பு வீட்டு நாற்காலியிலேயே இருக்க, மனம் மட்டும் பெரும்பள்ளத்தின் மறுகரையில் இருந்த சரக்கு நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தது. ஜன்னலில் பூமி, யாரோ கடித்துவிட்டு மறந்துபோன நீலப் பழம் போலத் தொங்கியது.

புது வேலை. சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

நிலவு வீடுகளில் பொத்தான் என்று ஒன்று கிடையாது. கதவு, அடுப்பு, விளக்கு எதுவானாலும் நினைத்தால் போதும், வேலை செய்யும். நினைப்பு வழிதவறாமல் போய்ச் சேர ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாசம் இருந்தது. வீட்டுக்குள் ஓடும் வலையைத் தெரு என்றும், அதிலுள்ள கருவிகளை வாசல்கள் என்றும் சொன்னார்கள். நன்மாறனின் மகள் துளிருக்கு ஐந்து வயது; சில்லு பதிக்கும் வயது இன்னும் ஆகவில்லை. நிலவுத் தூசி அவள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்தால் உடனே ஆவிக்கருவியை ஓடவிட வேண்டும். அதன் விலாசம் ஒன்றாம் தெரு, ஏழாம் வாசல்.

"அப்பா... இழுக்குது."

நன்மாறன் அவள் மூக்கில் முகமூடியைப் பொருத்திவிட்டு நினைத்தான். கருவி அசையவில்லை. இன்னும் அழுத்தி நினைத்தான்.

"யாருய்யா அது, என் ரூம்ல மல்லிப்பூ வாசனையா அடிச்சு விடுறது?" சுரங்கத்தின் மறுமுனையில் மேலாளர் கோமதிநாயகம் தும்மினார். "கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு!"

அலுவலகமும் ஒன்றாம் தெருதான். அதன் ஏழாம் வாசல், மேலாளர் அறையின் வாசனைத் தெளிப்பான். ஒரே விலாசம் இரண்டு இடங்களில் இருந்தால், சுரங்கம் திறந்திருக்கும்வரை நினைப்பு அலுவலகத்துக்கே போகும். வேலையில் சேரும்போது எல்லோரும் படிக்காமல் சம்மதித்த விதி அது.

"சார், என் தலையை விடுங்க சார். பொண்ணுக்கு மூச்சு இழுக்குது."

"ஷிப்ட் நடுவுல விடணும்னா மேல கேக்கணும்ப்பா. இரு, கேக்கறேன்."

நன்மாறன் இருந்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் கருவி பொம்மை போல நின்றது. அதை ஒரு தட்டுத் தட்டினான், உலுக்கினான். துளிரின் விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தன. ஒருவழியாக மேலிடம் அவன் தலையை விடுவித்தபோது துளிரின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆவி சீறிக் கிளம்பிய சத்தத்தைக் கேட்டு நன்மாறன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

அன்று மாலை வலைப் பழுது பார்க்கும் சகாயராஜ் வந்தான்.

"எல்லா வீடும் பேக்டரிலேர்ந்து ஒண்ணாம் தெருன்னுதான் சார் வருது. ஆபீசும் அப்படியே. மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை. முட்டிக்கற வரைக்கும் யாரும் மாத்த மாட்டாங்க. இருநூத்தி அம்பதுக்கு மேல நம்பர் இருக்கு. எது வேணும்?"

பனிக்கட்டி வெட்டும் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அபிராமி, கணவனை முந்திக்கொண்டாள். "ஒம்பது வைங்க. அதுதான் ராசியான நம்பரு."

"மாத்தறவங்க எல்லாரும் இதேதான்க்கா சொல்றாங்க. அந்தத் தெருவுல இப்பவே நெரிசல். பேசாம எட்டு வைங்க. நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கமே வர மாட்டாங்க."

"எட்டா? சனியோட நம்பரு!"

"புள்ளைக்கு மூச்சு வேணும், அபி," என்றான் நன்மாறன். "சனி இங்கேர்ந்தும் ரொம்பத் தூரம்தான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள்.

அதன்பின் சில நாட்கள் எட்டாம் தெரு சொர்க்கமாக இருந்தது. சுரங்கத்தில் சரக்கு எண்ணிக்கொண்டே பால் காய்ச்சினான். துளிருக்குக் கதவு திறந்துவிட்டான். யாரும் குடியேறாத தீவொன்றில் தான் மட்டும் வீடு கட்டிக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியது.

ஒரு திங்கட்கிழமை கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "ஊழியர் நலன் கருதி ஒரு நல்ல சேதி. வீட்டுத் தெருவும் ஆபீஸ் தெருவும் முட்டிக்குதுன்னு நம்ம நன்மாறன் சொன்னாப்ல. அதனால நேத்து ஆபீசையே மாத்திட்டோம். எந்த வீட்லயும் வைக்காத நம்பரா விசாரிச்சுத் தேடி..."

நன்மாறன் மீதியைக் கேட்கவில்லை. உள்ளறையில் துளிர் இருமத் தொடங்கியிருந்தாள்.

நினைத்தான். மல்லிப்பூ மணத்தில் மேலாளர் தும்மினார்.

"சார், தலையை விடுங்க!"

"எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா எப்படிப்பா? வரிசையா வாங்க."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கதவு திறக்கவில்லை. எங்கோ அலுவலகத்தில் ஒரு கதவு திறந்து மூடியிருக்கும். கதவின் கண்ணாடி வழியாக எதிர்வீடு தெரிந்தது. அங்கே இருந்தவரும் அதே அலுவலகம்தான். கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டியபடி நின்றிருந்தார்; அவர் பின்னால் அடுப்பில் ஏதோ கருகிப் புகைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டிலும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், உள்ளிருந்து.

துளிரின் முதுகைத் தடவியபடி அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அவள் மூச்சு அவன் கழுத்தில் நூலாகி, நூலும் மெலிந்தது. பிறகு சில்லு குறுகுறுத்தது. உள்ளே ஓடி முகமூடியைப் பொருத்தினான்; கருவி சீறியது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டில் நிறம் திரும்பியது.

அவள் தூங்கியதும் சகாயராஜைக் கூப்பிட்டான்.

"எல்லாரும் எட்டுக்கு வந்துட்டாங்கப்பா!"

"தெரியும் சார், வீடுங்களையும் ஆபீசையும் நான்தானே மாத்தி விட்டேன். கவலையை விடுங்க. ஒண்ணாம் தெரு இப்ப மொத்தமா காலி. ஈ காக்கா இல்ல. பழையபடி அங்கயே போயிடுங்க."

நன்மாறனுக்குப் போன உயிர் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். இப்பதான் உங்க ஆபீஸ்லேர்ந்தும் கூப்பிட்டாங்க."