முகம் சுளிக்காதவள்

அடிவயிற்றில் கைவைத்தால் பலகையை அமுக்குவதுபோல் விறைத்திருந்தது. ருக்மணி சிரித்தாள்.

பேரிகையைச் சுற்றியுள்ள பத்து ஊருக்கும் நாராயணம்மா ஒருத்திதான் நர்சம்மா. இருபத்தாறு வருஷமாக அவள் நோயாளியின் வயிற்றை நம்பியதைவிட முகத்தை நம்பியதுதான் அதிகம். ஜனங்கள் வாயால் சொல்வதில் பாதி பொய், பாதி மரியாதை. கை படுகிற இடத்தில் முகம் மட்டும் தன்னால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாள் காய்ச்சல், வாந்தி, கஞ்சிகூட இறங்கவில்லை என்கிறார்கள். ஆனால் இந்த முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

கட்டிலைச் சுற்றி வீடே நின்றது. தலைமாட்டில் மாமியார் நஞ்சம்மா, கால்மாட்டில் புருஷன் எல்லப்பன், கதவுக்கு வெளியே மாமனாரின் இருமல்.

"எங்க நோவுது கண்ணு?"

"எங்கயும் இல்லீங்கம்மா."

நஞ்சம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான புதுசில் பச்சை குத்துகிறவளை வரவழைத்து, தெருவே கூடி நின்று பார்க்க, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குத்த வைத்தார்களாம். மருமகள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லையாம். அந்த வீட்டில் அது வழக்கம். புகுந்த வீட்டார் எதிரில் சுளித்தால் பெற்றவளுக்குத்தான் கெட்ட பேர். நஞ்சம்மா தன் கையையும் நீட்டி, பழைய பச்சையைக் காட்டினாள்.

வாசலில் வண்டி பூட்டி நின்றது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நாராயணம்மாதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது அவளுக்கு மூன்றாவது வீடு. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன, ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது, எங்கேயாவது ஒரு மூலையில் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது. வலி என்றால் இப்படியா சிரிப்பாள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, காலையில் பார்க்கலாம், வண்டியை அவிழ்த்துவிடு என்றாள். எல்லப்பன் மாடுகளை ஏரிக்கரைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மணி மூன்றுதான், ஆனால் வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது. நாராயணம்மா அடுப்படிப் பக்கம் சாக்கை விரித்துச் சுவரில் சாய்ந்தாள். ஈரச் சாணம், வேகிற கொள்ளு, ஓட்டில் விழுகிற மழை, இவற்றுக்கு நடுவே உள்ளறைப் பக்கத்திலிருந்து யாரோ கைக்கல்லில் ராகி அரைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, கல்லோடு கல் உரசுகிற சத்தம். பாவம், இந்த மழையிலும் யாருக்கோ வேலை ஓயவில்லை என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தாள்.

கண் விழித்தபோதும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்மூலையில் கைக்கல் இருந்தது. அதன் மேல் கோழி ஒன்று உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

நஞ்சம்மா தண்ணீர்ச் சொம்போடு ருக்மணி கிடந்த உள்ளறைக்குப் போனாள். சத்தம் நின்றது. அவள் வெளியே வந்தாள். சத்தம் தொடங்கியது. அவளுக்கு அது காதிலேயே விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தை ராஜாத்தி இரண்டு நாளாகத் தாயிடம் போகவே மாட்டேன் என்று அழுகிறது, காய்ச்சல் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டு, இப்போதுதான் கட்டாயமாக உள்ளே விட்டுவிட்டு வந்தேன் என்றாள்.

நாராயணம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவு இடுக்கில் கட்டில் தெரியவில்லை. குழந்தை தெரிந்தது. இரண்டு வயசுக் குழந்தை, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கட்டிலைப் பார்த்தபடி வாயைத் திறந்து அழுதது. குரல் வரவில்லை.

கதவைத் தள்ளினாள். ருக்மணி சிரித்தாள். தலையணை வேர்வையில் ஊறிப்போயிருந்தது. கடைவாயில் மட்டும் ரத்தம்.

நாராயணம்மா குழந்தையையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள். பெரியவர்களைப் பார்த்தால் சிரிப்பு. சின்னதின் எதிரில் என்ன வெட்கம்? வலிக்கிற அந்த முகத்தைக் குழந்தை ஒன்றுதான் பார்த்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் குனிந்தாள்.

"யாரும் இல்ல கண்ணு. நான் மட்டுந்தான். கத்தணும்னா கத்திடு."

"நீங்களும் பாக்கறீங்களேம்மா," என்றாள் ருக்மணி, சிரித்துக்கொண்டே.

நாராயணம்மா முதுகைத் திருப்பிக்கொண்டாள். உடனே தொடங்கியது. ராகி அல்ல. பல். பல்லோடு பல்.

வெளியே ஓடினாள். வண்டியைப் பூட்டச் சொன்னாள். மாடுகளைக் கட்டிவிட்டுத் திரும்பியிருந்த எல்லப்பன் மழையில் மறுபடியும் தோட்டத்துக்கு ஓடினான். ஏரிக்கரை அரை மைல். மாடுகள் வந்து சேர்ந்தபோது ருக்மணியின் கை ஜில்லிட்டிருந்தது.

என்னால்தான் போனாள் என்று நாராயணம்மா வாய்விட்டுச் சொன்னாள். ஒருவரும் அவளை நொந்துகொள்ளவில்லை. சாவிலும் சிரித்த முகம் பாருங்கள், கொடுத்து வைத்தவள் என்று நஞ்சம்மா அழுதாள். அந்த வார்த்தை நாராயணம்மாவை அடித்ததுபோல் இருந்தது.

குளிப்பாட்டுமுன் உடம்பைத் துடைத்து வைக்கிறேன், அதையாவது நான் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள். எல்லாரும் வெளியே போனார்கள். குழந்தை மட்டும் அவள் புடவையை விடவில்லை. அதைச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

முகத்தைத் துடைத்தாள். கையைத் துடைத்தாள். பச்சை குத்திய கை. துணியைத் தண்ணீர்ச் சட்டியில் பிழியத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால், மெதுவாக.

கர்ர். கர்ர்.

கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. உயிர் போனதை அவளே நாடி பிடித்துப் பார்த்தவள். ஒரு மணி நேரம் ஆகிறது.

திரும்பவில்லை. திரும்பினால் சிரிப்புத்தான் இருக்கும்.

எதிரே குழந்தை. அவள் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண் விரிந்தது. வாய் கோணியது. கன்னம் இழுத்துக்கொண்டது. ஒரு குழந்தை முகத்தில் இருக்கக் கூடாத வலி. பார்க்கிற முகத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது.

கர்ர். கர்ர்.

"மன்னிச்சுடு தாயி," என்றாள் நாராயணம்மா, திரும்பாமலே.

வெளியே காலடி. கதவு திறந்தது. பின்னால் சத்தம் நின்றது.

நஞ்சம்மா மஞ்சளும் புதுப்புடவையுமாக உள்ளே வந்தாள். பேத்தியைப் பார்த்தாள்.

"அழாத கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க."

குழந்தையின் முகம் சட்டென்று சமனானது. கோணல் போனது. கன்னம் இறங்கியது. உதடு மூடியது.

சிரித்தது.

நஞ்சம்மா பூரித்துப்போய் அதைத் தூக்கி நாராயணம்மாவின் மடியில் வைத்தாள். அப்படியே அவள் அம்மா சாடை என்றாள்.

மடியில் குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. இறுக மூடிய அந்தச் சின்ன உதட்டுக்குள்ளே, பால்பற்கள் மெதுவாக அரைத்துக்கொண்டிருந்தன.