திரும்பி வராத வாழ்த்து

2004 ஏப்ரல், வெள்ளிக்கிழமை. காலை 10.20. சாங்வியில் வால்வு ஏற்றுமதி செய்யும் அந்தச் சின்ன அலுவலகத்திலிருந்து போன மெயில்கள் எல்லாம் மூன்று நாளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: உங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது.

"நீ சர்வரைத் திறந்து போட்டிருக்கே. எவனோ பூந்து குப்பை மெயில் அனுப்பிட்டான்," என்றார் முதலாளி கிருஷ்ணஸ்வாமி. "தப்பு உன் மேல இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லே, திங்கக்கிழமை வரவேண்டாம்."

சர்வர் பாத்திமாவின் பொறுப்பு. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதிவுகளைத் திறந்தாள். வெளியாள் அனுப்பியதாக ஒரு மெயில்கூட இல்லை. தானே வெளியாள் மாதிரி நுழைய முயன்றாள். சர்வர் விடவில்லை.

11.45. மார்க்கெட்டிங் விச்சுவின் மேஜை.

"விளம்பரம் ஏதாவது அனுப்புனீங்களா?"

"தீபாவளிக்கப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். என்னை மாட்டி விடாதீங்க."

"செவ்வாய்க்கிழமை ஒரே மெயில் நானூறு பேருக்குப் போயிருக்கு."

"அது சாரோட தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்து. விசிட்டிங் கார்டு கொடுத்தவன் ஒருத்தனையும் விடமாட்டாரு. நாசிக் பம்ப் கம்பெனியை இழுத்து மூடி மூணு வருஷமாச்சு. அவனுக்கும் வாழ்த்துதான்."

பாத்திமா முதலாளி அறைக்குப் போய், அந்த வாழ்த்துதான் காரணமாக இருக்கும் என்றாள். கிருஷ்ணஸ்வாமி சிரித்தார். "அரே, வாழ்த்தைப் போய் யாரும்மா குப்பைம்பா? போன வருஷமாவது நாசிக் மெயில் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதுகூட இல்லே. எல்லாருக்கும் போய்ச் சேந்துடுத்து."

அவள் கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அங்கதான் சார் மாட்டுனீங்க. மூடுன கம்பெனிக்குப் போன மெயில் ஏன் திரும்பி வரலை?"

அவர் கணினியிலேயே தேடிக் காட்டினாள். நாசிக் கம்பெனியின் இணைய முகவரி ஜனவரியில் கைமாறியிருந்தது. பட்டியலில் சர்வர் ஏறியது செவ்வாய்க்கிழமை, வாழ்த்துப் போன பத்தாவது நிமிடம்.

"கறுப்புப் பட்டியல் போடுறவங்க செத்த முகவரிய வாங்கிப் பொறியா வச்சிருக்காங்க. அதுக்கு மெயில் போட்டா, ஆள் இருக்கானான்னு பார்க்காம அள்ளி வீசுறவன்னு அர்த்தம். வாழ்த்தா விளம்பரமான்னு யாரும் படிக்கிறதில்ல. சர்வரையே பூட்டிடுவாங்க. பூட்ட வச்சது நீங்க."



பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் பக்கத்தைத் திறந்தாள். யாரால், எப்படி நேர்ந்தது என்று கேட்டது அது.

"'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு'ன்னு போட்டுடேன்மா," என்றார் மெதுவாக.

பாத்திமா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே அடிங்க சார். நான் பார்த்துட்டு இருக்கேன்."

கிருஷ்ணஸ்வாமி ஒற்றை விரலால் தன் பெயரை அடிக்கத் தொடங்கினார்.