அந்த வீட்டில் பேய் இல்லை

"மிஸ்... உள்ளே யாரோ நடக்கறாங்க! பக்கா பூத் மிஸ், பேய்!"

மர்ஜானா அலறியதும் கூட வந்திருந்த பன்னிரண்டு பிள்ளைகளும் சங்கவியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள்.

சௌல்தாரியில், பாக்குத் தோப்புக்குள் பாதி இடிந்து நின்ற வீடு அது. பதினொன்றாம் வகுப்புக்கு கோதிக் இலக்கியம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட் பிளேரிலிருந்து பஸ் பிடித்து அழைத்து வந்திருந்தாள் சங்கவி. பாழடைந்த வீடு, இருண்ட வானம், ஒரு ரகசியம், விட்டுப் போகாத ஓர் ஆவி... கரும்பலகையில் எழுதினால் அதெல்லாம் வெறும் எழுத்து. இங்கே வந்தால் முதுகில் ஊரும்.

ஊர்ந்தது. டீச்சரின் முதுகிலும்தான்.

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வெளியே வந்தவன் கையில் மண்வெட்டி இருந்தது. முப்பது வயதைத் தாண்டியவன். சட்டையெல்லாம் சேறு.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

குரலில் கோபம். ஆனால் அந்தக் கண்கள்... பல நாள் தூங்காதவனின் கண்கள் மாதிரி, அத்தனை களைப்பும் அத்தனை ஆழமும். சங்கவிக்குத் தெரிந்த இங்கிலீஷ், தமிழ், ஹிந்தி மூன்றும் ஒரு நொடி மறந்துபோயின.

"ஸாரி... ஆள் இல்லாத வீடுன்னு நெனச்சோம். பசங்களுக்கு ஒரு கிளாஸ்..."

"வீடும் தோப்பும் எங்களோடது. கெளம்புங்க."

கிளம்பியிருப்பார்கள். அதற்குள் ஜூலை மழை தோப்பையே மறைத்துக்கொண்டு கொட்டியது. அவன் நனையும் பிள்ளைகளைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"அரே, வராந்தாவுல ஏறுங்க. சமையக்கட்டுப் பக்கம் மட்டும் யாரும் போக வேணாம். சுவர் ஆடுது."

பெயர் யோகராஜ் என்றான். மின்சார இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர். போர்ட் பிளேர் ஷாதிபூரில் தனியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பைப் பார்க்க வருவான்.

"அப்படி என்ன பாடம் டீச்சர், இங்க வந்து நடத்தறீங்க?"

"பயத்தைப் பத்தின பாடம்."

"அதுக்குக்கூட டீச்சர் வேணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்... பாதியிலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பாதிச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டை வைத்து ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னாள். மர்ஜானா எழுதியது அபாரமாக வந்தது. இடிந்த சமையலறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்கும், போனவர்கள் திரும்ப மாட்டார்கள்... சௌல்தாரி டீக்கடையில் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டதாம். சங்கவி பெருமையோடு அதை வீட்டின் படத்துடன் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போட்டாள். தீவு முழுக்கப் பரவியது.

பத்தாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் யோகராஜ் நின்றான்.

"டீச்சர், அந்தக் கதைல வர்றது எங்க அம்மா."

மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு. காலைல பூகம்பத்துல சமையக்கட்டுச் சுவர் விழுந்துச்சு. உள்ள அம்மா. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. நேத்து அதே இடத்துல நாலு பேர் வெள்ளைத் துணி போத்திக்கிட்டு வீடியோ எடுத்திட்டு இருந்தாங்க."

சங்கவிக்குள் ஏதோ சரிந்தது. ஆனால் சுற்றிலும் ஆறு ஆசிரியர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்று அவர்கள் எதிரில் எப்படிச் சொல்வது?

"அது கற்பனைக் கதை சார். யார் பேரும் அதுல இல்லையே. ஒரு பொண்ணு நல்லா எழுதினதுக்கு நான் மன்னிப்பு கேக்க முடியாது."

"கேக்கச் சொல்லி வரல டீச்சர். தெரியட்டும்னு வந்தேன்." அவன் குரல் உயரவே இல்லை. "திங்கக்கிழமை ஜேசிபி வருது. வீடு இல்லேன்னா பேயும் இருக்காதுல்ல?"

போய்விட்டான்.

அன்று அடுத்த வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றாள். வீட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தாள், மழையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள், ஆவியைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த ஆவி அதற்கு முன்னால் யாராக இருந்தது என்று ஒரு பிள்ளையைக்கூடக் கேட்க வைக்கவில்லையே... மதியமே பதிவை நீக்கினாள். மர்ஜானாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தேம்பித் தேம்பி அழுதாள். தன் அழுகையைச் சங்கவி முழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகச் சௌல்தாரி பஸ்ஸில் ஏறினாள்.

அவன் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஓர் அம்மிக்கல்லை நெம்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நெம்புவதை நிறுத்தவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி வராந்தாவில் வைத்தார்கள்.

"அன்னிக்கு எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. என் கௌரவம்தான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. தப்பு என்னோடதுதான்... மன்னிச்சிடுங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த துணியை அவளிடமும் நீட்டினான்.

"உங்க அம்மா பேரு?"

"அமிர்தவல்லி." அவன் அம்மிக்கல்லின் மேல் கை வைத்தான். "தரை ஆடுனதும், 'வெளிய ஓடுடா'ன்னு கத்துனாங்க. ஓடினேன். திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம்... அப்பா மெயின்லேண்டுக்கே போயிட்டாரு. அவர்கிட்டகூட இதைச் சொன்னதில்ல."

சங்கவி அம்மிக்கல்லில் ஒட்டியிருந்த மண்ணை வழித்தாள்.

"இங்க அம்மா குரல் கேக்குதுன்னு ஊரே சொல்லுது. எனக்கு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல டீச்சர். கேக்காதான்னுதான் வாராவாரம் வர்றேன்."

அவளால் இப்போது முழுங்க முடியவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நீங்க ஓடணும்னுதானே அவங்க கத்தினாங்க... நீங்க அவங்க சொன்னதைக் கேட்டீங்க. அவ்வளவுதான்."

அவன் அவளைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

"எங்க கிளாசுக்கு வாங்க. அவங்க யாருன்னு பசங்க தெரிஞ்சுக்கட்டும்."

"எனக்குப் பேச வராது."

"எனக்கு மட்டும் அன்னிக்கு மன்னிப்பு கேக்க வந்துச்சா?"

ஜேசிபியை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு யோகராஜ் வந்தான். முதலில் தடுமாறினான். பிறகு அமிர்தவல்லி வகுப்புக்குள் வந்தாள்... ஹிந்தியைத் தப்பும் தவறுமாகப் பேசி பெங்காலி மீன்காரியோடு சண்டை போடுகிறவளாக, மழையில் பாட்டுப் பாடிக்கொண்டே பாக்கு உரிக்கிறவளாக, மகனை ஓடச் சொன்னவளாக. வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். மர்ஜானா எழுந்தாள்.

"ஸாரி சார். வேற மாதிரி எழுதட்டுமா? அவங்க பேர் போட்டு?"

"எழுதும்மா. அம்மா ரொம்பச் சிரிப்பாங்க. அதையும் எழுது."

மறு திங்கட்கிழமை வீட்டை இடித்தார்கள். சுவர் யார் மேலாவது விழும்முன் எடுத்துவிட வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். சங்கவி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கடைசிச் சுவர் சாய்ந்து புழுதி எழும்பியபோது, இருபத்தொரு வருஷமாக அழாதவன் குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜேசிபி போன பிறகும் விடவில்லை.

"டீச்சர்..."

"சங்கவி."

"சங்கவி... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இதைச் சொல்ற இடமா இதுன்னு நீங்க கேக்கலாம்..."

"கேக்க மாட்டேன்." அவளுக்கு முகம் சூடேறியது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பத்து நாளா தவிக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல எங்க வீட்டுக்கு வாங்க. எங்க அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

"அவர் என்ன சொல்வாரு?"

"முதல்ல கத்துவாரு. அப்புறம் நீங்க எந்த ஊர்னு கேப்பாரு. அதுக்கப்புறம் காபி."

முகத்தைத் துடைத்துக்கொண்டே யோகராஜ் சிரித்தான்.

"கத்தட்டும். வர்றேன்."