பீரோவை அறுத்தவள்

மதியம் பன்னிரண்டாகியும் கணவனின் ஆபீஸ் ஷூ செருப்பு ஸ்டாண்டிலேயே இருந்தது.

எட்டரைக்கு அவன் "போயிட்டு வரேன்" என்றதை அவள் அடுப்படியிலிருந்து தன் காதால் கேட்டாள். கதவு சாத்திய சத்தமும் கேட்டது. ரப்பர் செருப்பில் கிளம்பிவிட்டானோ என்று குனிந்து பார்த்தாள். அதுவும் அங்கேதான் கிடந்தது. முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். வெறுங்காலோடு ஆபீசுக்குப் போகிற அளவுக்கு இந்த மனுஷனுக்கு அப்படி என்ன யோசனை? ஷூவை எடுத்தபோது தோல் வாசனையோ வியர்வை வாசனையோ வரவில்லை. பூச்சி உருண்டை வாசனை குப்பென்று வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் வெயிலில் போட்டு, தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்த ஸ்டாண்டுப் பலகை அது. இன்னும் அந்தப் பொம்பளை நாற்றம் போகவில்லை.

அந்தப் பொம்பளை என்றால் நாத்தனார். கணவனை ஐந்து வயதிலிருந்து தூக்கி வளர்த்த அக்கா, கல்யாணமே வேண்டாமென்று தம்பியோடு இருந்துவிட்டவள். இந்த இரண்டு ரூம் ஃபிளாட்டில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நின்ற மர பீரோ அவளுடையது. அதன் பித்தளைச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். "பொண்ணுன்னா அடக்கம் வேணும்" என்பது அவள் வாயில் நாளைக்குப் பத்துத் தரமாவது வரும். ஆறு வயது மகள் குட்டி சிரித்தாலும் அதுதான், அழுதாலும் அதுதான். நல்ல தொண்டையோடு பிறந்த குழந்தை ஏன் ஒரு வருஷமாகக் கிசுகிசுவென்று மட்டும் பேசுகிறது என்று தெரியாமல் பெற்றவள் டாக்டர் டாக்டராக அலைந்தாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது குட்டியே சொன்னது.

"அத்தை என்னை பீரோல வெச்சுப் பூட்டிட்டு வெளிய நின்னு நூறு எண்ணுவாங்கம்மா. சத்தம் போட்டா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவாங்க. உள்ள ஒரு கோடு மட்டும் வெளிச்சமா தெரியும்."

அன்று சாயங்காலம் அவள் போட்ட சண்டையில் மாடி முழுவதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா மனசுல ஒண்ணும் இல்ல. நூறு எண்ணுற வரைக்கும்தானே" என்றான். நாத்தனார் வருத்தப்படவே இல்லை. மறுவாரம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதியில் நின்ற சண்டை இவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

பீரோவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கணவன் கெஞ்சினான். "முடியாது. என் கண்ணு முன்னாடி அது மிதிபடணும்" என்றாள். அவளுக்கு வேலையே கிச்சன் அலமாரி செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுவது. எந்தப் பலகை எங்கே உட்காரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒரே வாரத்தில் அறுத்தாள். ஒரு கதவு செருப்பு ஸ்டாண்ட் ஆனது. இன்னொரு கதவு கழிவறையில் பினாயில் வைக்கும் தட்டு. பின்பலகை குட்டியின் புத்தக அலமாரி. இழுப்பறைக்குச் சக்கரம் மாட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பூட்டு இருந்த துண்டை வாசல் பக்கத்தில் அடித்து, கொக்கி வைத்து, நடுவில் அந்தப் பித்தளைச் சாவியையே வெற்றிக் கோப்பை மாதிரி தொங்கவிட்டாள். போட்டோவைப் பார்த்த ஆபீஸ்காரர்கள், "சின்ன வீட்டுக்கு எவ்ளோ அடக்கமா இருக்கு" என்றார்கள். அந்த வார்த்தை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குட்டி மறுபடி உரக்கப் பாட ஆரம்பித்திருந்தது. அது போதும் அவளுக்கு.

இன்று சளி என்று குட்டி வீட்டில் இருந்தது, அவளும் லீவு போட்டிருந்தாள். காலையிலிருந்து பாட்டு இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு டிவி மட்டும் ஒரே சுருதியில் எதையோ முனகிக்கொண்டிருந்தது.

குட்டி சோபா மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.

"அப்பா போகலம்மா" என்றது. கிசுகிசுவென்று.

"ஏன் இப்படிப் பேசுற? நல்லா வாயைத் திறந்து பேசு."

அவள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். படுக்கையறையில் மணி அடித்தது, கம்பளிக்குள் அடிப்பது போல மூடிய சத்தமாக. கட்டில்மேல் இல்லை. தலையணைக்கடியில் இல்லை. மண்டியிட்டுக் குனிந்தாள். இழுப்பறைக்குள் அடித்தது.

இழுத்தாள். வரவில்லை. நேற்றுவரை ஒரு விரலால் இழுத்தால் ஓடிவந்த பெட்டி அது, சக்கரத்துக்கு அவள் கையால் எண்ணெய் விட்டிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் காலை உதைத்து இழுத்தாள். உள்ளே ஏதோ கனமாகப் புரண்டது. பெட்டியின் ஆழம் ஒரு சாண். அளந்தவள் அவள். போர்வை இரண்டு வைத்தாலே மூடாது.

மணி நின்றது.

ரூம் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் என்று நினைத்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது, ஆனால் வெளிச்சம் உள்ளே வரவில்லை. பூச்சி உருண்டை வாசனை மூக்கை அரித்தது. செருப்பு ஸ்டாண்டிலிருந்து. கழிவறையிலிருந்து. புத்தக அலமாரியிலிருந்து. எல்லாப் பக்கத்திலிருந்தும். மிதிபடட்டும் என்று மூலைக்கு மூலை வைத்தாளே. மூலைக்கு மூலை. அவளே பீரோவைப் பிரித்து வீட்டைச் சுற்றி நிற்க வைத்திருக்கிறாள்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கொக்கியில் சாவி இல்லை.

கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. பூட்டு வெளியே.

வெளிச்சமெல்லாம் வற்றிப்போய்க் கதவிடுக்கில் ஒரு கோடு மட்டும் நின்றது. மேலிருந்து கீழாக. அதன் அடியில் இரண்டு கால் விரல்கள்.

அப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்து முனகியது டிவி இல்லை.

"...எழுபத்தி மூணு. எழுபத்தி நாலு."

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. செத்தும் அடங்காத ஜென்மம். கதவை ஓங்கி அறைந்தாள். "என் பிள்ளைய விட்டுடு. செத்துத் தொலைஞ்சவதானே நீ, ஏன் எங்க உயிரை எடுக்கிற? திறடி."

வெளியே எண்ணுவது நின்றது. மூச்சு விடும் நேரம்.

"ஒண்ணு."

குட்டியின் சில்லென்ற கை அவள் வாயை மூடியது.

"கத்தாதம்மா. அடக்கமா இருந்தா திறப்பாங்க."

அடக்கம். அவள் குழந்தையின் வாயிலிருந்து. பல்லைக் கடித்தாள். சண்டை மொத்தத்தையும் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை. கதவோரமாக உட்கார்ந்து குட்டியின் முகத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். இருமல் வந்தால்? வரவில்லை. நாற்பது. அறுபது. குட்டியும் விரல் விட்டு எண்ணியது. பழக்கம்.

தொண்ணூற்றைந்து.

தொண்ணூற்றாறு.

சாவி பூட்டுக்குள் நுழையும் சத்தம்.

தொண்ணூற்றேழு.

தொண்ணூற்றெட்டு.

படுக்கையறையில், ஒரு சாண் ஆழப் பெட்டிக்குள், ஒரு ஆண்குரல் விம்மியது. நாற்பது வயதுக் குரல். காலையில் போயிட்டு வரேன் என்ற அதே குரல்.

"அக்கா... இருட்டா இருக்குக்கா. இனிமே பண்ண மாட்டேன்க்கா."

சாவி வெளியே உருவப்பட்டது.

"ஒண்ணு."